புரட்டாதிச் சனியில் விட்ட அம்பு

மூண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை. சுவிஸின்ரை கிழக்குப் பக்கத்து மலையளுக்கை, ரெண்டு பக்கமும் செங்குத்தாய் இறங்கிற ஒரு ஆத்துப் பள்ளத்திலைதான் இது நடந்தது. அண்டைக்கு நான் ஒரு மானை அம்பாலை அடிச்சனான். இப்பிடி ஒரு வசனத்திலை எழுதினால் எனக்கே முதல் சிரிப்பு வருது. பிறகு எழுதினதை வெட்டிப்போட வேணும் போல கிடக்கு.

வில்லு வேட்டைக்குப் போற ஆள் எண்டு என்னை நினைச்சுப் போடாதேங்கோ. நான் ஓல்டனிலை ஒரு முதியோர் இல்லத்துக் குசினியிலை பதினேழு வருசமாய் வேலை செய்யிறன். கரட் வெட்டுறது, சூப் வைக்கிறது, பல்லில்லாத ஆக்களுக்கு எல்லாத்தையும் மசிச்சுக் குடுக்கிறது. என்ரை கையிலை கத்தியையும் அகப்பையையும் தவிர வேறை ஒரு ஆயுதமும் இருந்ததில்லை.

வருசத்துக்கு ஒருக்கா எங்கடை இல்லத்திலை வேலை செய்யிறவையை ஒரு நாள் சுற்றுலா கூட்டிக்கொண்டு போவினம். ஒரு வருசம் சீஸ் செய்யிற இடம், ஒரு வருசம் கப்பல். அந்த வருசம் ஆற்றை மூளையிலை உதிச்சுதோ தெரியேல்லை, வில்லு அம்பு. அந்தப் பள்ளத்து வழிய ஒரு நடைபாதை போகுது. பாதை நீட்டுக்கும் இறுக்கமான ஸ்பொஞ்சிலை செய்த மிருகங்களை வைச்சிருக்கினம். கரடி, பண்டி, ஓநாய், மான், எல்லாம் உண்மையான அளவிலை. ரெண்டு ரெண்டு பேராய்ப் போய், நம்பர் அடிச்ச கட்டைக்குப் பக்கத்திலை நிண்டு அம்பு விடவேணும். காலமை எங்களுக்குப் பழக்கின பொம்பிளை ஒரு விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னவ. இந்த நாட்டிலை வில்லாலை உண்மையான மிருகத்தை அடிக்கிறது குற்றம். வேட்டை எண்டால் துவக்கு மட்டும்தான், அதுவும் பரீட்சை பாஸ் பண்ணி அனுமதி எடுத்தவை, அதுக்கெண்டு விட்ட கிழமையளிலை மட்டும். நான் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டு கேட்டன்.

அந்தக் காலத்திலை குற்றம் எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பக்கெண்டும். ஏனெண்டால் எங்கடை வீட்டிலை நான் ஒராள்தான் இன்னும் சி பெர்மிட், அதுதான் வெளிநாட்டுக்காரருக்குக் குடுக்கிற நிரந்தர வதிவிட அட்டையோடை இருந்தனான். மனுசனுக்கும் பிள்ளையள் ரெண்டு பேருக்கும் சுவிஸ் பாஸ்போட் கிடைச்சு எத்தினையோ வருசம். அவை விண்ணப்பிக்கேக்கை என்ரை டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, காணாதெண்டு நான் நிண்டிட்டன். பிறகு ரெண்டு வருசம் குந்தியிருந்து படிச்சு, பரீட்சை எழுதி, பேப்பர் எல்லாம் குடுத்து, அடுத்த மாதம் கெமைண்டே எண்டுற எங்கடை ஊர்ச் சபையிலை பாஸ்போட்டுக்கு நேர்முகம். வழக்கு, விசாரணை ஒண்டும் இருக்கக்கூடாது. மனுசன் ஒவ்வொரு நாளும் சொல்லுவார், ரோட்டுக் கடக்கிறதெண்டாலும் பச்சை விழும்வரை நில்லும் எண்டு. நானும் விடியக்காலமை ஆளில்லாத ரோட்டிலை, மழைக்கை, சிவப்பு லைட்டுக்கு முன்னாலை தனிய நிண்டனான். பஸ் விட்டதும் உண்டு.

அண்டைக்குப் புரட்டாதிச் சனி எண்டபடியால் எனக்கு விரதம். சனீஸ்வரனுக்குப் பிடிக்கிற விரதம் எண்டால் காகத்துக்கு வைக்காமல் சாப்பிடக்கூடாது. சோத்தையும் பருப்பையும் ஒரு பார்சலாய்க் கட்டிக்கொண்டு போனனான். மத்தியானம் மலைச் சாப்பாட்டுக் கடையிலை எல்லாரும் மான் இறைச்சிக் கறி சாப்பிட, நான் வெளியிலை ஒரு கல்லுக்கு மேலை ஒரு பிடி சோறு வைச்சன். மஞ்சள் சொண்டுக் காகங்கள் ரெண்டு வந்து கொத்தினது. எங்கடை ஆக்கள் யன்னலாலை பாத்துச் சிரிச்சவை. ஒருத்தி வந்து, பாவம் மான், நீ சாப்பிடாட்டிலும் அது செத்தது செத்ததுதானே எண்டு பகிடி விட்டவள். நான் பெரிய சாமியார் மாதிரி, நான் உயிரைச் சாப்பிடுற நாளில்லை இண்டைக்கு எண்டு சொன்னன். அந்த வாய்க்கொழுப்பை இப்ப நினைச்சாலும் நாக்கைக் கடிச்சுக்கொள்ளலாம் போல கிடக்கு.

என்னோடை சோடியாய் வந்தவர் எங்கடை இல்லத்து ஹவுஸ்வார்ட். கட்டிடத்திலை எது உடைஞ்சாலும் திருத்திற ஆள். அறுபது வயசு, மலைக்கை பிறந்து வளந்தவர், தேப்பன் வேட்டைக்காரன். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேலை கதைக்கமாட்டார். என்ரை கோப்பை கழுவிற மெசினை எத்தினை தரம் உயிர்ப்பிச்சுத் தந்த மனுசன். அவற்றை அம்பு எல்லாம் மிருகத்திலை குத்தி நிக்கும். என்ரை அம்பு எல்லாம் சேத்துக்கை. கரடிக்கு விட்டது மரத்திலை பட்டுது, பண்டிக்கு விட்டது ஆத்துக்கை போச்சுது. எனக்குச் சரியான வெக்கம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பனிப்புகார் மூடத் துவங்கினது. பள்ளத்துக்கை இருந்து பால் பொங்கின மாதிரி மேலை ஏறி வந்து, பத்தடிக்கு அங்காலை ஒண்டும் வடிவாய்த் தெரியேல்லை. கால் வைக்கிற பாதை ஒரு முழம் அகலம், ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் சங்கிலி, சங்கிலிக்கு அங்காலை கீழை ஆத்துச் சத்தம் மட்டும். ஓநாய்க்கு விட்ட என்ரை அம்பு பாதைக்குக் கீழை விழுந்திட்டுது. ஹவுஸ்வார்ட் என்னை நிக்கச் சொல்லிப்போட்டு அதைத் தேட இறங்கினார். நான் நிக்கேல்லை. சும்மா நிக்கக் குளிருது எண்டு அடுத்த வளைவு மட்டும் நடந்தன்.

வளைவு திரும்பினால், ஒரு சின்ன நீரோடைக்கு அங்காலை, பாறைத் தட்டிலை ஒரு ஆண் மான் நிக்குது. மான் எண்டுறன், எங்கடை வன்னிக் காட்டு மரையை விடப் பெரிசு. கொம்பு மட்டும் ஒரு ஆள் உயரம் போல இருந்துது. பக்கவாட்டாய், அசையாமல், புகாருக்கை பாதி மறைஞ்சு. எனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை. ஆகா, என்ன வடிவாய்ச் செய்திருக்கிறாங்கள் எண்டுதான் நினைச்சன். நம்பர்க் கட்டை எங்கையெண்டு தேடக்கூட இல்லை. இவர் வாறதுக்கிடையிலை ஒண்டிலையாவது பட வைச்சுப்போட்டு, பாருங்கோ எண்டு காட்டவேணும் எண்ட ஒரே அந்தரம். வில்லை இழுத்தன், விட்டன்.

விட்ட உடனை மான் பின்னங்கால் ரெண்டையும் தூக்கி உதைச்சுது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பாத்துது.

நான் என்ன நினைச்சன் எண்டு சொன்னால் நீங்கள் சிரிப்பியள். அட, இதுக்கை மோட்டர் வைச்சிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன். சத்தியமாய், ஒரு கணம் வயர் எங்காலை போகுதெண்டு பாத்தன். அது முதுகை வளைச்சுக்கொண்டு ஒரு பாய்ச்சலிலை பள்ளப் பக்கம் இறங்கிச்சுது. கல்லுகள் உருண்டு போற சத்தம் கன நேரம் கேட்டுது. அந்தச் சத்தம் நிண்ட பிறகுதான் அது உயிருள்ள மான் எண்டு எனக்கு விளங்கிச்சுது.

ஹவுஸ்வார்ட் ஓடி வந்தார். ஓடிட்டுது எண்டு சொன்னன். எது எண்டு கேட்டார். நான் கையாலை காட்டினன். அவர் சங்கிலியைத் தாண்டி அந்தப் பாறைத் தட்டுக்குப் போய்க் குனிஞ்சு பாத்தார். கல்லு முழுக்க ஈரம். இரத்தமும் இல்லை, அம்பும் இல்லை. ஸ்பொஞ் மான் இன்னும் முப்பது அடி தள்ளி, புகார் கொஞ்சம் விலகின இடத்திலை, நம்பர்க் கட்டையோடை சிவனேயெண்டு நிண்டுது.

அவர் சட்டைப் பைக்குள்ளை இருந்து போனை எடுத்தார். எனக்கு விளங்கீட்டுது. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சன். அடுத்த மாதம் எனக்கு நேர்முகம் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே, ஒருத்தரும் காணேல்லை, தயவு செய்து சொல்லாதேங்கோ எண்டு அழாக்குறையாய்க் கெஞ்சினன். அவர் நான் சொன்னதெல்லாத்தையும் கேட்டார். எனக்கு விளங்குது எண்டு சொன்னார். ஆனால் பட்டிருந்தால் அது கீழை கிடந்து மெல்ல மெல்லச் சாகும் எண்டு சொல்லிப்போட்டு, என்ரை கண்ணுக்கு முன்னாலையே காட்டுக் காவலருக்குப் போன் அடிச்சார்.

எனக்கு வந்த கோவம்! காட்டிக்குடுத்திட்டான் எண்டு மனசுக்குள்ளை திட்டினன். எங்கடை ஊரிலை அந்தச் சொல்லுக்கு என்ன கனம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தினை வருசம் இவருக்குக் கிறிஸ்மஸுக்கு றோல்ஸும் கட்லட்டும் செய்து குடுத்தனான், ஒரு சொல்லுக் கேக்கமாட்டாராமோ. மற்ற ஆக்களைக் கீழை சாப்பாட்டுக் கடைக்குப் போகச் சொல்லிப்போட்டு, நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மணித்தியாலம் அந்தப் பாறையிலை காத்திருந்தம். அவர் தன்ரை ஜக்கெற்றைக் கழட்டி எனக்குத் தந்தார். நான் வாங்கேல்லை.

வந்தவரை இஞ்சை வில்ட்ஹூட்டர் எண்டு சொல்லுவினம், காட்டு மிருகங்களுக்குப் பொறுப்பான அரசாங்கக் காவலர். பச்சை ஜக்கெற், தோளிலை துவக்கு, கையிலை நீளத் தோல் வாரிலை ஒரு மண்ணிற நாய். நாப்பது வயசு இருக்கும். அவர் வாயைத் திறக்க முதலே நான் என்ரை சி பெர்மிட்டை எடுத்து நீட்டினன். அவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பாத்து, விளங்காமல் என்னைப் பாத்து, நனையப் போகுது வையுங்கோ எண்டு திருப்பித் தந்தார்.

அவர் கேட்டது வேறை. நீங்கள் எங்கை நிண்டனீங்கள், அது எங்கை நிண்டது, அம்பு விட்ட உடனை அது என்ன செய்தது? இதிலை கடைசிக் கேள்விதான் முக்கியம் எண்டு சொன்னார். அடிபட்ட மிருகம் பட்ட இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு மாதிரிப் பாயுமாம். இரத்தம் இல்லை, அம்பு இல்லை. கண்டது நீங்கள் ஒராள்தான் எண்டார்.

எனக்கு அந்த நேரம் தலைக்குள்ளை ஒண்டும் ஓடேல்லை. நான் கண்டது கண்டதுதானோ எண்டே சந்தேகமாய்ப் போச்சுது. புகாருக்கை உதைச்சதெண்டு எனக்குத் தோன்றினதோ? விரதத்தாலை வந்த தலைச்சுத்தோ? பட்டிருந்தால் அம்பு தெரிஞ்சிருக்கும்தானே? காலமை முழுக்க ஒண்டிலையும் படாத அம்பு இதிலை மட்டும் எப்பிடிப் படும்? இப்பிடி நானே எனக்கு வக்கீலாய் நிண்டு அப்புக்காத்து வேலை பாத்தன். பாத்துப்போட்டு வாயைத் திறந்தன். படேல்லை, அம்பு மேலாலை போனது, அது பயந்து ஓடினது எண்டு சொன்னன். என்ரை வாழ்க்கையிலை அவ்வளவு பிழையில்லாத டொச் நான் கதைச்சதேயில்லை.

சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்கு ஆயத்தமாய் நிண்டன். எனக்கு அந்தப் பழக்கம் இருக்குது. இந்த நாட்டுக்கு அகதியாய் வந்த புதுசிலை என்னை விசாரிச்ச மேசையிலை ஒரே கேள்வியைப் பத்து விதமாய்க் கேட்டவை. ஊரிலை எங்கடை வீட்டுக்கை எந்த நாள், எந்தக் கதவாலை வந்தவங்கள், கதவு என்ன நிறம். அவையின்ரை வேலை அது, நான் பிழை சொல்லேல்லை. ஆனால் நான் சொன்னது அவ்வளவும் உண்மை, அதை நம்ப அவைக்கு வருசக்கணக்காய்ச் செண்டுது. அதாலை இந்த மனுசனுக்கும் பதில் அடுக்கி வைச்சிருந்தன். எவ்வளவு உயரத்தாலை போனது எண்டு கேட்டால் இது, ஏன் அம்பைக் காணேல்லை எண்டு கேட்டால் அது.

அவர் ஒண்டும் கேக்கேல்லை. "சரி. நீங்கள் சொன்னால் சரிதான்." அவ்வளவுதான். கொப்பியை மூடினார். நல்ல வேளை எண்டு சொல்லி, உடனை போன் பண்ணினதுக்கு நன்றியும் சொன்னார். நாய் மட்டும் பள்ளப் பக்கம் இழுத்துக்கொண்டு நிண்டுது. அதின்ரை தலையைத் தடவி, வாரைச் சுத்திக்கொண்டு நடக்கத் துவங்கினார்.

நான் சந்தோசப்பட்டிருக்க வேணும். தப்பீட்டன். நேர்முகம் தப்பீட்டுது. ஆனால் என்ரை கால் நிண்ட இடத்தை விட்டு அசையமாட்டன் எண்டுது. உண்மை சொன்ன இடத்திலை என்னை நம்பேல்லை, பொய் சொன்ன இடத்திலை ஒரு சொல்லிலை நம்பீட்டார், இது என்ன கூத்து எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அந்த மனுசன்ரை முதுகைப் பாக்கப் பாக்க எனக்குக் கோவம் வந்தது. ஏன் ஐயா என்னைக் கேள்வி கேக்கேல்லை எண்டு அவரோடை சண்டை பிடிக்கவேணும் போல இருந்துது.

அவர் பத்தடி போயிருப்பார். "ஐயா, நில்லுங்கோ!" எண்டு கத்தினன். தமிழிலை. அவர் திரும்பினார். பிறகு என்ரை டொச் எல்லாம் எங்கையோ போட்டுது. பின்னங்கால் எண்டதுக்கு என்ன சொல்லெண்டு தெரியேல்லை. கையைப் பாறையிலை ஊண்டிக் குனிஞ்சு, ரெண்டு காலையும் பின்னாலை உதைச்சுக் காட்டினன். நாப்பத்தாறு வயசு மனுசி, மழைக்கோட்டோடை, கழுதை மாதிரி. முதுகை வளைச்சுக்கொண்டு ஓடினதையும் செய்து காட்டினன். ஒருத்தரும் சிரிக்கேல்லை.

அவர் என்னை ஏன் பொய் சொன்னனீங்கள் எண்டும் கேக்கேல்லை. ஹவுஸ்வார்ட்டைப் பாத்து வயிறு எண்டு ஒரு சொல்லுச் சொன்னார். ஹவுஸ்வார்ட் தலையாட்டினார். வயித்திலை பட்டால் அப்பிடித்தான் உதைக்குமாம். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் போறதுதான் முறையாம், ஆனால் வெளிச்சம் போயிடும் எண்டு சொல்லிக்கொண்டே வாரை அவிட்டார்.

என்னை அவர் வரச் சொல்லேல்லை, வரவேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நான் போனன். ஹவுஸ்வார்ட் எனக்கு முன்னாலை. பாதையில்லை, வேரைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கிறதுதான். ஒரு இடத்திலை கல்லுக் கழண்டு நான் சறுக்க, அவர் என்ரை முதுகுப் பையிலை பிடிச்சு நிப்பாட்டினார். கீழை ஆறு வெள்ளையாய்ச் சுழிச்சுக்கொண்டு போகுது. எனக்கு விழுந்து சாகிற பயம் வரேல்லை. முருகா, அது அங்கை இருக்கக்கூடாது, ஓடிப்போயிருக்க வேணும் எண்டு மனம் ஒரு பக்கம் கும்பிட்டுது. இல்லை, இருக்கவேணும், கெதியாய்க் கிடைக்கவேணும் எண்டு மற்றப் பக்கம் கும்பிட்டுது. எந்தக் கும்பிடு கேக்கும் எண்டு கடவுளுக்கே விளங்கியிருக்காது.

அரை மணித்தியாலம் இறங்கியிருப்பம். நாய் நிண்டுது. காவலர் கையைத் தூக்கி எங்களை இருக்கச் சொல்லிப்போட்டு, ஒரு பத்தைக்கு அங்காலை போனார். ஹவுஸ்வார்ட் தொப்பியைக் கழட்டினார். ஏன் கழட்டிறார் எண்டு நான் யோசிச்சு முடிக்கேல்லை, வெடி கேட்டுது. அந்தப் பள்ளம் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்துது. நான் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தன்.

அவர் வந்து சொன்னார். தண்ணிக்கரையிலை கிடந்துதாம், உயிரோடை. அம்பு வயித்திலை, சிறகு வரைக்கும் ஏறி. எழும்ப ஏலாமல் தலையை மட்டும் தூக்கிப் பாத்ததாம். நாங்கள் வராட்டில் நாளைக்கும் அப்பிடியே கிடந்திருக்கும், நாளையிண்டைக்கும் கிடந்திருக்கலாம் எண்டார். நான் மேலை நிண்டு படேல்லை எண்டு சொன்ன நேரமும் அது அங்கைதான் கிடந்திருக்கு.

கிட்டப் போனன். பெரிய உடம்பு. பிடரி மயிரெல்லாம் சேறு. கண் திறந்தபடி. காவலர் பக்கத்திலை நிண்ட மரத்திலை ஒரு சின்னக் கொப்பை முறிச்சு, மானின்ரை வாயைத் திறந்து வைக்கப் போனார். இது என்னத்துக்கு எண்டு கேட்டன். கடைசி வாய்ச் சாப்பாடு எண்டு சொன்னார். இஞ்சை வேட்டைக்காரர் எல்லாரும் செய்யிற வழக்கமாம், சும்மா விட்டிட்டுப் போகமாட்டினமாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சுது. வாய்க்கரிசி! இது எங்கடை வாய்க்கரிசியெல்லோ! சுட்ட கையே வாய்க்கரிசியும் போடுமோ? எங்கடை ஆக்களிலை சொந்தம்தானே போடும், கொலை செய்தவன் போடுறதோ? நான் இதைச் சரியெண்டு நினைக்கிறதோ, அநியாயம் எண்டு நினைக்கிறதோ எண்டு தெரியாமல் நிண்டன். ஆனால் கை தானாய் நீட்டுப்பட்டுது. நான் வைக்கலாமோ எண்டு கேட்டன். அவர் எழும்பி எனக்கு இடம் விட்டார். பிறகு அந்தக் கொப்பைத் தந்தார்.

என்ரை அப்பாக்கு நான் வாய்க்கரிசி போடேல்லை. அவர் செத்த நேரம் இந்த நாட்டை விட்டு வெளிக்கிட என்னட்டைப் பேப்பர் இல்லை. மானின்ரை வாய்க்குள்ளை கையை வைக்கேக்கை இன்னும் சூடாய் இருந்துது. அப்பதான் அழுகை வந்தது. அப்பாவை நினைச்சோ, மானை நினைச்சோ, என்னை நினைச்சோ, ஒண்டும் தெரியாது. மன்னிச்சுக்கொள் ராசா எண்டு சொன்னன். அதை அவருக்குச் சொன்னனோ அதுக்குச் சொன்னனோ எண்டும் தெரியாது.

மேலை ஏறி வந்த பிறகு, என்ரை பேரை எழுதத்தான் வேணுமோ எண்டு காவலரைக் கேட்டன். ஓம், எழுதத்தான் வேணும் எண்டார். ஆறுதல் ஒண்டும் சொல்லேல்லை. ஹவுஸ்வார்ட்டிட்டை நான் ஜக்கெற்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டன். றெயிலிலை ஓல்டன் வரும்வரை அவர் பக்கத்திலைதான் இருந்தன். அவரை மனசுக்குள்ளை திட்டினதை நான் இண்டைக்கும் சொல்லேல்லை.

வீட்டிலை மனுசன் தலையிலை கையை வைச்சிட்டார். "உனக்கென்ன விசரோ? படேல்லை எண்டனீர், அவன் போறான், விட்டிட்டு வாறதுக்கென்ன?" நீ எண்டும் நீர் எண்டும் அவருக்கே குழம்பீட்டுது, அவ்வளவு கோவம். ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. மூண்டாம் கிழமை பாத்தால், கோயில் மடத்திலை நிண்டு என்ரை மனுசி ஒரே அம்பிலை விழுத்தினவள் எண்டு ஆக்களுக்குக் கதை சொல்லுறார். ஊரிலை எனக்கு வேட்டைக்காரி எண்டு பட்டம் வைச்சிட்டினம். நானும் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சன். வேறை என்ன செய்யிறது?

நேர்முகம் தள்ளிப் போச்சுது. அந்த விசயம் விசாரிச்சு முடிய ஒரு வருசத்துக்கு மேலை செண்டுது. தெரியாமல் நடந்ததெண்டு முடிவாகி, ஒரு சின்னத் தண்டத்தோடை விட்டினம். அந்த நேரம் காவலர் எழுதிக்குடுத்த அறிக்கையின்ரை ஒரு பிரதி எனக்கும் வந்தது. அகராதியை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாய் வாசிச்சன். அம்பு விட்டவர் மிருகம் நடந்துகொண்ட விதத்தைத் துல்லியமாய்ச் சொன்னார், அதாலைதான் அதைக் கண்டுபிடிக்க முடிஞ்சது எண்டு இருந்துது. நான் முதல் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. தேடித் தேடிப் பாத்தன். மறந்திட்டாரோ, வேணுமெண்டு விட்டாரோ எண்டு எனக்கு விளங்கவேயில்லை. ஒருக்கா நன்றி எழுதுவம் எண்டு பேனையை எடுத்தன். என்னத்துக்கு நன்றி எண்டு எழுதிறது? மூடி வைச்சிட்டன்.

நேர்முகத்திலை கன்ரோன் எண்டுற மாகாணம் எத்தினை, ஆறு எது, குளம் எது எண்டு நான் பாடமாக்கி வைச்சிருந்ததிலை அரைவாசியும் கேக்கேல்லை. காவலரின்ரை அறிக்கை நேர்முகக் குழுவின்ரை மேசையிலை கிடந்தது. தலைவரம்மா அதை வாசிச்சுப்போட்டு, உங்களுக்கு இவ்வளவு நட்டம் வரும் எண்டு தெரிஞ்சும் உண்மையைச் சொல்லியிருக்கிறியள், இப்பிடியான ஆக்கள்தான் எங்களுக்கு வேணும் எண்டு எழும்பிக் கை தந்தவ. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்திட்டுது. இல்லையம்மா, முதல் நான் பொய்தான் சொன்னனான் எண்டு. சொன்னால் அந்த மனுசன் எழுதாமல் விட்டது வெளியிலை வந்திடுமே எண்டு வாயை மூடினன். அவரைக் காப்பாத்தத்தான் மூடினனோ, பாஸ்போட்டைக் காப்பாத்த மூடினனோ, இதுவும் எனக்கு வடிவாய்த் தெரியாது. பாஸ்போட் இப்ப அலுமாரிக்குள்ளை இருக்குது, சிவப்பு நிறத்திலை.

இந்தக் கதையிலை நான் பொய் சொன்ன பகுதியை இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மனுசனையும் அங்கை நிண்ட ரெண்டு பேரையும் தவிர. பிள்ளையளுக்கும் தெரியாது, அவை அம்மா பெரிய நேர்மைக்காரி எண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லித் திரியினம். ஆக்கள் அப்பிடிச் சொல்லேக்கை எல்லாம் எனக்குத் தலை குனியுது, ஏனெண்டால் அண்டைக்கு அந்த மனுசன் என்னை ஒரு துளி சந்தேகப்பட்டு இன்னும் ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால், நான் அடுக்கி வைச்சிருந்த பதில்களைச் சொல்லிக்கொண்டு அந்தப் பொய்யிலையே நிண்டிருப்பன் எண்டு எனக்கு நல்லாய்த் தெரியும்.